ஆடு ஒதுக்கிய தழை

ஆட்டுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. முன்னங்கால் இரண்டையும் முள்மேல் தூக்கி வைத்து எட்டிக் கடிக்கும். கருவேலங்காய், சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர் என்று எதையும் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். அப்படிப்பட்ட மந்தை எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் ஒரு செடியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போவதைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கோடையில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் அந்தச் செடி மட்டும் பச்சையாக, ஒரு இலைகூடக் குறையாமல் நிற்கும். ஆடாதோடை. ஆடு தொடாத செடி என்பதே பெயராயிற்று என்று ஊரில் சொல்வார்கள்.

ஆள் உயரம், சில இடங்களில் அதற்கும் மேலே வளரும் புதர் அது. மாவிலையை நினைவூட்டும் நீண்ட இலைகள் எதிரெதிராக இருக்கும். வெள்ளைப் பூ, கீழிதழில் மெல்லிய ஊதாக் கோடுகள். பூ இரண்டாகப் பிளந்து வாய் திறந்தாற்போல இருப்பதால் வடமொழியில் இதற்குச் சிங்க வாய் என்று பொருள்படும் ஒரு பெயரும் உண்டு. கனகாம்பரமும் நிலவேம்பும் இதே குடும்பம். மழைக்காலத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். ஆடு மாடு தின்னாது, தானாக வளரும், ஆண்டு முழுக்கப் பசுமை மாறாது. வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழர் வாயில் வழங்கிய இந்தப் பெயர் போன தூரம் வியப்பானது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன் அங்குள்ள செடிகளைச் சேகரித்து, உள்ளூர்ப் பெயர்களோடு குறித்து வைத்தார். அந்தச் சேகரிப்பு பிற்பாடு சுவீடனில் இருந்த கார்ல் லின்னேயஸின் கைக்குப் போயிற்று. உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டி அவர் 1753இல் வெளியிட்ட நூலில் இந்தச் செடி ‘ஜஸ்டீசியா அடதோடா’ ஆனது. இன்றைக்கு எந்த நாட்டுத் தாவரவியலாளர் இதைப் பற்றி எழுதினாலும், ஆட்டுக்காரர் ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெயரை எழுதாமல் அவரால் முடியாது.

ஆடு ஏன் தொடுவதில்லை என்பதை நான் நாக்கால் தெரிந்துகொண்டேன். எனக்கு மார்ச்சளி கட்டினால் அம்மாச்சி வேலியிலிருந்து ஏழெட்டு இலை பறித்து வருவார். பச்சை இலையைக் கசக்கினால் சாறு லேசில் வராது, தடித்த இலை. அதனால் இட்லிப் பானையில் தட்டு வைத்து, அதில் இலையைப் பரப்பி ஆவி காட்டுவார். வெந்து துவண்டதும் கை பொறுக்கிற சூட்டில் துணியில் வைத்து முறுக்கினால் கரும்பச்சையாகச் சொட்டும். சித்த மருத்துவத்தில் இதற்குப் பிட்டவியல் என்று பெயர் இருப்பது பின்னாளில்தான் தெரியவந்தது. அம்மாச்சிக்கு அது வெறும் அவிக்கிற வேலை. தேன் குழைத்துத்தான் கொடுப்பார். தேன் முதலில் நாக்கைத் தொடும், அடுத்த நொடியே கசப்பு வந்து தேனை இருந்த இடம் தெரியாமல் அடித்துவிடும். வேப்பங்கொழுந்தின் கசப்பு வந்த வேகத்தில் போய்விடும். இது தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கிளம்பாது.

கசப்பு என்பது செடிக்கு ஆயுதம். ஓட முடியாத உயிர் தன்னைத் தின்ன வருகிறவனைத் தடுக்க என்ன செய்யும்? முள் வளர்க்கலாம், பால் வடிக்கலாம், இல்லாவிட்டால் இலைக்குள் வேதிப்பொருள் சமைக்கலாம். ஆடாதோடை மூன்றாவது வழியை எடுத்தது. ஆட்டை மட்டுமல்ல, பூச்சியையும் அது தள்ளி நிறுத்துகிறது. இயற்கை வேளாண்மை செய்கிறவர்கள் வேம்பு, நொச்சி, எருக்கு, ஊமத்தை ஆகியவற்றோடு இந்தத் தழையையும் இடித்து ஊறப்போட்டுப் பூச்சி விரட்டியாகத் தெளிப்பது இதனால்தான். ஆடு மாடு எந்தத் தழையைத் தின்னாதோ அந்தத் தழையை எடு என்பதே அவர்களிடையே வழங்கும் கணக்கு. ஆட்டின் நாக்குதான் அங்கே ஆய்வுக்கூடம்.

அந்தக் கசப்பை இலையிலிருந்து முதன்முதலில் பிரித்து எடுத்த இடம் நம் நீலகிரி. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்க ஆங்கில அரசு அங்கே தோட்டங்கள் போட்டிருந்த காலம். பட்டையில் கொய்னா எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பதற்காக 1880களில் உதகமண்டலத்தில் இருந்தவர் டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர். அவர் தன் வேலையோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்து மக்கள் மருந்தென்று சொன்ன செடிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். வில்லியம் டிமோக், வார்டன் ஆகிய இருவருடன் சேர்ந்து இந்திய மூலிகைகளைப் பற்றி ‘பார்மகோகிராபியா இண்டிகா’ என்ற பெருநூலை எழுதியவரும் அவரே. 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து நைட்ரஜன் கொண்ட காரப் பொருள் ஒன்றைப் பிரித்தார். செடியின் வடமொழிப் பெயர் வாசா. அதிலிருந்து ‘வாசிசின்’ என்று பெயர் வைத்தார்.

இந்த மூலக்கூறு 11 கரி அணு, 12 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் சேர்ந்தது. அணுக்கள் எந்த ஒழுங்கில் பிணைந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1930களில் இந்தியாவிலும் வியன்னாவிலும் வேதியியலாளர்கள் அதை அவிழ்த்தார்கள். மூன்று வளையங்கள், ஒன்றோடொன்று விளிம்பு பகிர்ந்து ஒட்டியவை. அந்தப் படத்தைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் அதற்கு வருவோம். அதற்கு முன் நெஞ்சுக்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

சளியை நாம் கழிவு என்று நினைக்கிறோம். நோயில்லாத நெஞ்சிலும் எந்நேரமும் மெல்லிய சளிப்படலம் இருந்துகொண்டே இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு நாள் மூச்சுக்கூட நமக்கு உதவாது. நாம் உள்ளே இழுக்கும் காற்றில் தூசியும் புகையும் கிருமியும் கலந்தே வருகின்றன. மூச்சுக்குழலின் உட்சுவரில் பூசியிருக்கும் சளி அவற்றை ஒட்டிப் பிடிக்கிறது. சுவரின் செல்கள் ஒவ்வொன்றிலும் இருநூறு போல நுண்ணிய மயிரிழைகள். அவை நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக அசைகின்றன. காற்றடிக்கும்போது நெல் வயலில் அலை ஓடுமே, அதே ஓட்டம். அந்த அலை சளியை மெல்ல மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவருகிறது. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வயிற்று அமிலம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

சளியில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதைக் கொழகொழப்பாக்குவது மியூசின் என்னும் புரத இழை. தன் நீளம் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும் இழை. வெண்டைக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டால் துளி வெண்டைப் பசை ஒரு கிண்ணம் தண்ணீரையும் வழுக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தை. நோய் வந்தால் இந்த இழைகள் அளவு மீறிச் சுரக்கின்றன, ஒன்றோடொன்று சிக்குகின்றன, தண்ணீர் குறைகிறது. சளி கோழையாகிறது. மயிரிழைகளால் அதை நகர்த்த முடியவில்லை. அப்போது உடல் கடைசி வழியாக இருமலைக் கையில் எடுக்கிறது. ஆகவே இருமலை அடக்குவது ஒரு வைத்தியம், கோழையை இளக்கி வெளியே அனுப்புவது வேறொரு வைத்தியம். நம் மருத்துவ மரபு ஆடாதோடையை இரண்டாவது வேலைக்கு வைத்திருந்தது. கபம் அறுக்கும் என்பார்கள். அறுப்பது என்ற வினை எத்தனை பொருத்தம் என்று மியூசின் இழைகளைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இனி ஜெர்மனிக்குப் போவோம். பேரிங்கர் இங்கல்ஹைம் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களின் இறுதியில் வாசிசினை வைத்து வேலை நடந்தது. இந்திய மரபில் நெஞ்சுச் சளிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட ஒரு செடியின் சாரம் அது என்பதே அவர்களுக்கு வழிகாட்டி. மூன்று வளையங்கள் சொன்னேன் அல்லவா? அதில் நடு வளையத்தை அவிழ்த்துவிட்ட வடிவில் புதிய மூலக்கூறுகளைச் செய்து பார்த்தார்கள். முதல் வளையமும் அதன் பக்கத்தில் நிற்கும் இரு நைட்ரஜன்களும் அப்படியே இருந்தன. கடைசி ஐங்கோண வளையத்துக்குப் பதில் அறுகோண வளையம் வந்தது. முதல் வளையத்தில் இரண்டு புரோமின் அணுக்கள் ஏறின. அப்படிப் பிறந்தவற்றில் ஒன்று கோழையை நன்றாக இளக்கியது. புரோமினிலிருந்து ‘புரோம்’, ஆறைக் குறிக்கும் ‘ஹெக்ஸ்’, இரண்டும் சேர்ந்து புரோம்ஹெக்சின். 1960களில் அது மருந்துக்கடைக்கு வந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. புரோம்ஹெக்சினை விழுங்கியவர்களின் உடலில் அது என்ன ஆகிறது என்று பார்த்தபோது, ஈரல் அதை இன்னொரு பொருளாக மாற்றுவது தெரிந்தது. ஒரு சிறு கரித்துண்டை வெட்டி எறிந்து, ஒரு ஆக்சிஜனைக் கோர்த்து விடுகிறது ஈரல். அந்த மாறிய பொருளுக்கே மருந்தாற்றல் நன்றாக இருந்தது. அப்படியானால் ஈரலின் வேலையை ஆலையிலேயே செய்துவிடலாமே! 1970களின் இறுதியில் அது தனி மருந்தாக வந்தது. பெயர் அம்ப்ராக்சால்.

இப்போது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் இருமல் டானிக்கை எடுத்து, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். மார்ச்சளிக்கு என்று வாங்கியதாக இருந்தால் புரோம்ஹெக்சின் அல்லது அம்ப்ராக்சால் என்ற பெயர் அதில் இருக்க நல்ல வாய்ப்புண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் உதகமண்டலத்துக் குடுவையும், அதற்கும் பின்னால் ஆடு ஒதுக்கிப் போன தழையும் இருக்கின்றன. ஒரு மருந்துக்கடையில் நின்றபடி இதை நான் முதன்முதலில் உணர்ந்த நாளில் அம்மாச்சி உயிரோடு இல்லை. அவரிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.

அம்ப்ராக்சால் கோழையை இளக்குவதோடு இன்னொன்றும் செய்கிறது. நுரையீரலின் கடைசி அறைகள் நீர்க்குமிழி போன்றவை. ஈரப் பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் என்பதால், அந்தக் குமிழிகள் மூச்சு விடும்போதெல்லாம் ஒட்டிப்போக வேண்டும். ஒட்டாமல் காப்பது அங்கேயே சுரக்கும் சோப்பு போன்ற ஒரு கொழுப்புப் படலம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை மூச்சுக்குத் திணறுவது பெரும்பாலும் இந்தப் படலம் போதாமல்தான். இதைச் சுரக்கும் செல்களை அம்ப்ராக்சால் தூண்டுகிறது. தொண்டை நரம்புகளில் வலியைக் கடத்தும் சோடியம் வாயில்களையும் இது அடைக்கிறது. அதனால் சில நாடுகளில் தொண்டை வலிக்குச் சப்பும் மாத்திரையாக விற்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை இலையின் பிள்ளைதான், ஆனால் மாத்திரைக்கு நிரூபணமான குணமெல்லாம் இலைக்கும் உண்டு என்று வாதிடுவது தவறு. இலையில் புரோமின் ஏறிய அந்த மூலக்கூறுகள் கிடையாது. அங்கே இருப்பது வாசிசினும் அதன் உறவான வாசிசினோனும் இன்னும் பல பொருட்களும். மூச்சுக்குழலை அவை ஓரளவு தளர்த்துவதை விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து அம்ப்ராக்சாலைச் சோதித்ததுபோல் கஷாயத்தைச் சோதிக்கவில்லை. இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் வாசிசினின் அளவும் மாறும். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் தரும் ஆடாதோடை மணப்பாகுக்கும் நான்கு பேர் நான்கு விதமாகக் காய்ச்சுகிற கஷாயத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கொரோனா காலத்தில் தெருத்தெருவாகக் கொடுத்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. அதைக் குடித்த பலருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

சரியான இலைதானா என்பதும் கேள்வி. குஜராத்தில் இந்தச் செடியை அர்டூசி என்கிறார்கள். அர்டூசோ என்பதோ நம் ஊரில் பெருமரம் எனப்படும் வேறொரு மரம். ஒரு எழுத்து மாறினால் மூட்டைக்குள் வேறு தழை. கேரளத்திலோ சிற்றாடலோடகம் என்று சிறிய இலை கொண்ட நெருங்கிய உறவுச் செடியைத் தனியாக வைத்து, அதற்கே மதிப்பு அதிகம் தருகிறார்கள்.

கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. வட இந்தியக் கிராமங்களில் மருத்துவச்சிகள் இந்தச் செடியைப் பிள்ளைப்பேற்றுக்கும் கருவைக் கலைக்கவும் பயன்படுத்திவந்தார்கள். அந்த வழக்கைப் பின்பற்றி ஜம்முவில் இருந்த மண்டல ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் 1970களில் வாசிசினைச் சோதித்தபோது, அது கருப்பையைச் சுருங்கவைப்பது உறுதியானது. பிரசவத்துக்குப் பிறகான இரத்தப்போக்கை நிறுத்த இதை மருந்தாக்கலாமா என்றுகூட அவர்கள் ஆராய்ந்தார்கள். இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆட்டை விரட்டுகிற ஒரு பொருள் நம் உடலுக்குள் ஒன்றுமே செய்யாது என்று எப்படி நம்புவது? செய்வதால்தான் அது மருந்து.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை, சளியில் இரத்தம், மாலையானால் காய்ச்சல், உடல் இளைப்பு என்றால் கஷாயத்தோடு நாளைக் கடத்த வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய்க்கு மருந்தும் இலவசம். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பழைய வைத்தியர்கள் ஆடாதோடையைக் காசநோய்க்கும் கொடுத்தார்கள். 1996இல் வெளிவந்த ஒரு ஆய்வில், புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும் சோதனைக்குழாயில் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தன. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் குழாயில் தடுப்பதற்கும் நோயாளியைக் குணமாக்குவதற்கும் இடையே உள்ள தூரத்தில் உயிர்கள் போகும்.

இந்த மூலக்கூறுகளில் ஒன்றின் வாழ்க்கையில் அண்மையில் வந்த திருப்பத்தைக் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். அதற்கும் நெஞ்சுச் சளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நம் செல்லுக்குள் லைசோசோம் என்று ஒரு குப்பைக்கூடை உண்டு. பழுதான பொருட்களை அரைத்துக் கரைக்கும் அமிலப் பை. அதில் வேலை செய்யும் நொதிகளில் ஒன்று ஒருவகைச் சர்க்கரைக் கொழுப்பைச் சிதைக்கிறது. மரபணுப் பிழையால் அந்த நொதி சரியாக மடியாமல் பிறந்தால், செல்லின் தரக்கட்டுப்பாடு அதைப் பைக்குப் போகும் முன்பே அழித்துவிடும். கொழுப்பு சேர்ந்து மண்ணீரலும் ஈரலும் வீங்கும் கோஷே நோய் வரும். 2009இல் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள், ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் பயன்படும் சுமார் ஆயிரம் மருந்துகளை எடுத்து, இவற்றில் எது அந்த நொதியைத் தாங்கிப் பிடிக்கிறது என்று சலித்துப் பார்த்தார்கள். சல்லடையில் நின்றது அம்ப்ராக்சால்.

அது செய்வது அழகான காரியம். நொதி உருவாகும் இடத்தில் அமிலம் இல்லை. அங்கே அம்ப்ராக்சால் அதைப் பற்றிக்கொண்டு சரியாக மடிய உதவுகிறது. லைசோசோமின் அமிலத்துக்குள் நுழைந்ததும் பிடி தளர்ந்து விட்டுவிடுகிறது. மணப்பெண்ணின் கைபிடித்து வாசல்வரை கூட்டிவந்து, வாசலில் கையை விடுகிற தோழியைப் போல. கடைசிவரை பிடித்துக்கொண்டே இருந்தால் நொதியால் வேலை செய்ய முடியாது.

இந்த நொதியின் மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு முதுமையில் பார்க்கின்சன் நோய் வரும் ஆபத்து அதிகம். கை நடுங்கி, நடை தளர்ந்து, முகபாவம் உறைந்துபோகும் அந்த நோயின் போக்கை நிறுத்த இன்றுவரை மருந்து கிடையாது. 2020இல் லண்டன் ஆய்வாளர்கள் 17 நோயாளிகளுக்கு அம்ப்ராக்சாலைக் கொடுத்து, அது மூளைக்குள் போகிறதா என்று தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்கள். போயிருந்தது. கொடுத்த அளவு நாளொன்றுக்கு 1.26 கிராம், சளிக்கு வழக்கமாகக் கொடுப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதனால் யாரும் இதைப் படித்துவிட்டு இருமல் டானிக்கைத் தூக்கிக்கொண்டு தாத்தாவிடம் ஓட வேண்டாம். பார்க்கின்சனோடு மறதி நோயும் வந்த 55 பேரை வைத்துக் கனடாவில் ஓராண்டு நடந்த சோதனையில் மருந்து பாதுகாப்பானதாகத் தெரிந்தது. நினைவாற்றலில் எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் இப்போது 330 நோயாளிகளுடன் பெரிய சோதனை தொடங்கியிருக்கிறது. ஒரு பாதிக்கு அம்ப்ராக்சால், மறு பாதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தவறாமல் விழுங்கிவர வேண்டும்.